முன்னாடியெல்லாம் நல்லா வரையும்

முன்குறிப்பு: நீளமான பதிவு. கொஞ்சம் கடுப்போட எழுதுறது. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காந்துக்கங்க.

"முன்னாடியெல்லாம் நல்லா வரையும் இந்தப் புள்ள. காலேஜுக்குப் போனதுக்கப்புறந்தான் கெட்டுப் போச்சு."

எங்க சொந்தக்காரங்க வட்டாரத்துல இப்போதைக்கு அதிகமாப் புழங்குற வாக்கியம் இதுதான். கெட்டுப் போச்சுன்னா வேற எதையும் கற்பனை பண்ணிக்காதீங்க. படம் வரையறது கெட்டுப் போச்சாம். புள்ளைன்னு சொல்றது என் பெரியப்பா மகளை. கம்பம் பக்கத்துல பன்னீர் திராட்சை போட்டுப் பொழைக்கிற வீட்டுலேருந்து ஓவியம் படிக்கக் கிளம்பின மொத ஆள். இப்போ பி.எஃப்.ஏ. மூணாவது வருஷம்.

பிளஸ் டூ படிக்கும்போது அவ வரைஞ்சது எல்லாமே போட்டோவைப் பாத்து வரைஞ்ச முகங்கள். நடிகர் படம், கல்யாண ஜோடி படம், செத்துப்போன தாத்தா படம். போட்டோ மேல சின்னதா கட்டம் போடணும். சார்ட்ல அதே கட்டத்தைப் பெருசாப் போடணும். அப்புறம் ஒவ்வொரு கட்டமா நிரப்பிக்கிட்டே போகவேண்டியதுதான். கண்ணுல மின்னுற வெள்ளைப் புள்ளி வரைக்கும் அப்படியே வந்துரும். "அச்சு அசல் போட்டோ மாதிரியே இருக்கு"ன்னு தெருவே பாராட்டுச்சு. பெரியப்பா அதையெல்லாம் லேமினேஷன் பண்ணி வீட்டுல மாட்டினாரு.

இப்போ லீவுக்கு வரும்போது அவ கொண்டாந்த படங்கள் வேற மாதிரி. அஞ்சடி நீளக் காகிதத்துல கரிக்கோடு. முகமே இல்ல. வெறும் கைகள்.

"இது யாரு?"ன்னு கேட்டாரு சித்தப்பா.

"யாருமில்ல சித்தப்பா. போடியில ஏலக்கா பொறுக்குறவங்களோட கை."

"கைக்கு எதுக்கு ஆத்தா இம்புட்டுப் பெரிய பேப்பரு?"

நியாயமான கேள்விதான். சித்தப்பாவைக் கிண்டல் பண்றதுக்காக இதை எழுதல. அவரு வாழ்க்கையில பாத்த படங்கள் என்னென்ன? சாமி காலண்டர், கட்சி பேனர், சினிமா போஸ்டர், கல்யாண ஆல்பம். அதுல எல்லாத்துலயும் முகம் இருக்கும். முகம் இல்லாத படத்தை அவரு எங்க போய்ப் பாத்திருப்பாரு? யாரு காட்டினா?

என் கோவம் வேற ஆளுங்க மேல. நல்லாப் படிச்சவங்க, பெரிய வேலையில இருக்கறவங்க, விருந்துல எலை போட்ட கையோட ஒரு தத்துவம் சொல்லுவாங்க பாருங்க. "திறமை இருந்தா எந்தப் பட்டிக்காட்டுல இருந்தாலும் மேல வந்துருவாங்க தம்பி. நம்ம பண்ணைப்புரத்துலேருந்து இளையராஜா வரல? அல்லிநகரத்துலேருந்து பாரதிராஜா வரல?"

வந்தாங்க. எப்படி வந்தாங்கன்னு கொஞ்சம் யோசிப்போமா?

இளையராஜா பண்ணைப்புரத்துல கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்து திடீர்னு சிம்பொனி எழுதல. அண்ணன் பாவலர் வரதராஜனோட கச்சேரிக் குழுவுல ஊர் ஊராப் போனவரு. வருஷக்கணக்கா மேடை மேடையா வாசிச்சிருக்காரு. அப்புறம் சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை படிச்சிருக்காரு. ஊர்ல ரேடியோ இருந்துச்சு. டீக்கடையில பாட்டு ஓடுச்சு. கோயில் கொடைன்னா குழாய் ரேடியோவுல மூணு நாளைக்குப் பாட்டு. எங்க பள்ளத்தாக்குல பாட்டு கேக்க யாருக்கும் காசு வேண்டியதில்ல, சாதி வேண்டியதில்ல, வேணாம்னாலும் காதுல விழும். சினிமாவும் அப்படித்தான். டூரிங் கொட்டகையில மண்ணைக் குமிச்சு உக்காந்து சில்லறைக் காசுக்குப் படம் பாத்த ஊரு இது.

கேக்க வழி இருந்த ஊர்ல இசைக்காரன் வந்தான். பாக்கக் கொட்டகை இருந்த ஊர்ல சினிமாக்காரன் வந்தான். இது மந்திரமும் இல்ல மண்வாசனையும் இல்ல. விதை போட்டாங்க, தண்ணி பாய்ஞ்சுது, மொளைச்சுது. முல்லைப் பெரியாறு தண்ணி 1895ல இங்குட்டுத் திரும்பி வரலேன்னா இந்தப் பள்ளத்தாக்குல ரெண்டு போகம் நெல்லு ஏது? மண்ணுல திறமை இருந்தா தண்ணி இல்லாமயே வெளைஞ்சிரும்னு எந்த விவசாயியாவது சொல்லுவாரா?

ஓவியத்துக்கு அந்தத் தண்ணி எங்க?

தேனி பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு, "இங்க ஓவியம் பாக்குறதுக்கு எங்குட்டுப் போகணும்?"னு யாருகிட்டயாவது கேட்டுப் பாருங்க. வீரபாண்டி கோயிலுக்கு வழி சொல்லுவாங்க, சுருளி அருவிக்கு வழி சொல்லுவாங்க, வைகை அணைப் பூங்காவுக்கு வழி சொல்லுவாங்க. 2011 கணக்குப்படி 12 லட்சத்துக்கு மேல ஜனம் இருக்குற மாவட்டம்ங்க இது.

கல்லூரிக் கதையும் அப்படித்தான். எங்க மாவட்டம் 1996ல மதுரையிலேருந்து பிரிஞ்சுது. அதுக்கப்புறம் அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு, போடியில 2012ல அரசு பொறியியல் கல்லூரி வந்துச்சு, சட்டக் கல்லூரி வந்துச்சு, கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துச்சு. பெரியகுளத்துல தோட்டக்கலைக் கல்லூரி ஏற்கெனவே இருக்கு. நல்ல விஷயம். எல்லாமே வேணும். ஆனா தமிழ்நாடு முழுக்கத் தேடினா ஓவியம் படிக்க அரசு கவின் கலைக் கல்லூரி சென்னையில ஒண்ணு, கும்பகோணத்துல ஒண்ணு. சிற்பம்னா மாமல்லபுரம். திருச்சிக்குத் தெக்க ஒண்ணுகூடக் கிடையாது. பொறியியல் கல்லூரி மட்டும் நானூத்துச் சொச்சம். அந்த நானூத்துச் சொச்சத்துல ஒண்ணுலேருந்து வெளிய வந்தவன்ங்கிற உரிமையில சொல்றேன், இது ரொம்ப ஓவர்.

சென்னைக் கல்லூரி சாதாரணக் கல்லூரி இல்ல. 1850ல அலெக்ஸாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சது. இந்தியாவுல ஓவியக் கல்விக்குன்னு வந்த பழைய இடங்கள்ல முக்கியமானது. மெரினாவுல நாலு பேர் பாறையைத் தள்ளுற உழைப்பாளர் சிலை இருக்கே, அதைச் செஞ்ச தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்க முதல்வரா இருந்தவரு. அவருக்கப்புறம் வந்த கே.சி.எஸ். பணிக்கர், மாணவர்களையும் கூட்டாளிகளையும் சேத்துக்கிட்டு 1966ல ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை ஆரம்பிச்சாரு. அதுக்குக் காசு எங்கேருந்து வந்துச்சு? பாத்திக் துணி, கைவினைப் பொருள்னு அவங்களே செஞ்சு வித்தாங்க. பகல்ல சோத்துக்குத் துணி, மிச்ச நேரத்துல ஓவியம். "சோறு போடுமா"ன்னு கேக்குற நமக்கு அறுபது வருஷத்துக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டாங்க. நாமதான் காதுல வாங்கல.

அடுத்தது ஆதிமூலம். திருச்சி மாவட்டம் கீராம்பூர்ங்கிற கிராமத்துல 1938ல பொறந்தவரு. சென்னைக் கல்லூரியில படிச்சாரு. காந்தி நூற்றாண்டு வந்த 1969ல அவர் போட்ட காந்தி கோட்டோவியங்களைப் பாத்திருப்பீங்க. தமிழ்ப் புத்தக அட்டையில எழுத்தே ஒரு ஓவியமா நிக்கிதுன்னா அதுல அவர் கை நிறைய இருக்கு. சரி, அதோட நிறுத்திக்கிட்டாரா? பிற்பாடு கோட்டை விட்டுட்டு வண்ணத்துக்குப் போனாரு. பெரிய பெரிய கேன்வாஸ்ல உருவமே இல்லாத வண்ணப் பரப்பு. 2008ல சாகுற வரைக்கும் அந்தப் பாதையிலதான் போனாரு. எங்க சித்தப்பா பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு உங்களுக்கே தெரியும். "முன்னாடியெல்லாம் காந்தியை நல்லா வரைவாரு..." :-)

"பாத்தியா, ஆதிமூலமும் கிராமந்தானே, திறமை இருந்துச்சு வந்துட்டாரு"ன்னு மறுபடி ஆரம்பிக்காதீங்க. அவர் போய்ச் சேந்த இடத்துல ஒரு கல்லூரி இருந்துச்சு, சிற்பி தனபால் மாதிரி வாத்தியார்கள் இருந்தாங்க, சுத்தி வரையறவங்க கூட்டம் இருந்துச்சு. பக்கத்து டேபிள்காரன் என்ன பண்றான்னு எட்டிப் பாக்குற வாய்ப்பு இருந்துச்சு. அந்த எட்டிப் பாக்குறதுதாங்க பாதிப் படிப்பு.

பொட்டி தட்டுற நமக்கு இது தெரியாதா என்ன? ப்ரோக்ராம் எழுதக் கத்துக்கிட்டது எப்படி? அடுத்தவன் எழுதின கோடைப் படிச்சு, உடைச்சுப் பாத்து, ஏன் ஓடலேன்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மண்டையைப் பிச்சுக்கிட்டுத்தானே? ஆபீஸ்ல நாம உடைக்கிறதுக்குன்னே தனியா சர்வர் குடுத்து வெச்சிருக்கான். உடைச்சதைக் கண்டுபிடிக்கத் தனி டீம். அதுக்குச் சம்பளம், அதுக்கு அப்ரைசல், அதுக்கு டீ-ஷர்ட். எஞ்சினியரிங் மொத வருஷம் மினி டிராஃப்டரைத் தூக்கிக்கிட்டு, வெட்டுப்பட்ட கூம்பை மூணு பக்கத்துலேருந்து வரைஞ்சோமே, அப்போ "இந்தக் கூம்பு சோறு போடுமா?"ன்னு எந்தப் பெரியப்பாவாவது கேட்டாரா? அந்தக் கூம்பை அதுக்கப்புறம் வாழ்க்கையில நான் எங்கயுமே சந்திக்கல.

ஆனா ஓவியம் படிக்கிற புள்ள ஒரு சோதனை பண்ணினா மட்டும் "காசைக் கரியாக்குது"ன்னு பேச்சு.

கரின்னதும் ஞாபகம் வருது. நிஜமாவே கரி சுட்டா அவ. அதைச் சொல்லியே ஆகணும்.

வரையறதுக்கு கரிக்குச்சி வேணும். கடையில விக்கிற குச்சி ஒவ்வொண்ணும் காசு. ஐரோப்பாவுல ஓவியக் கரியை எதுலேருந்து செய்யறாங்கன்னு காலேஜ்ல சொல்லியிருக்காங்க. வில்லோன்னு ஒரு மரத்துக் குச்சி, இல்லேன்னா திராட்சைக் கொடி. திராட்சைக் கொடியா! கம்பத்துல கவாத்து பண்ணினா வரப்பு ஓரமாக் குமிஞ்சு கெடக்குறது அதுதானே? வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்துல திராட்சை அறுப்பு நடக்குற ஊர்ல கொடிக்குச்சிக்கா பஞ்சம்?

பென்சில் கனத்துல குச்சியா வெட்டி, பட்டையை உரிச்சு, காயவெச்சு, பால்பவுடர் டப்பாவுல நெருக்கமா அடுக்கி, மூடியில ஆணியால ஒரு ஓட்டை போட்டு அடுப்புக்குள்ள வெச்சா. காத்து உள்ள போகக்கூடாது, பொகை மட்டும் வெளிய வரணும். மொத தடவை பொகை நின்னதும் ஆர்வத்துல சூடாவே திறந்துட்டா. காத்து பட்டதும் உள்ள இருந்த கரி கனிஞ்சு எரிஞ்சு சாம்பலாப் போச்சு. ரெண்டாவது தடவை சீக்கிரமா எடுத்துட்டா. மேல கறுப்பு, உள்ள மரம். காகிதத்தைக் கிழிச்சுது. மூணாவது தடவை பொகை முழுசா அடங்குற வரைக்கும் விட்டு, ராத்திரி முழுக்க ஆறவெச்சு, வெள்ளனத் திறந்தா. கொஞ்சம் சாம்பல் கலந்த கறுப்புல, மெத்துனு கோடு விழுந்துச்சு.

இதுல எனக்குப் புடிச்சது அவ வெச்சிருந்த நோட்டு. தேதி, குச்சியோட கனம், எவ்வளவு நேரம் தீயில இருந்துச்சு, கோடு எப்படி விழுந்துச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரு இழுப்பு இழுத்து வெச்சிருக்கா. எங்க டீம்ல இந்த ஒழுங்கோட லாக் எழுதுறவங்க எத்தனை பேர்னு விரல் விட்டு எண்ணிரலாம். அதைப் பாத்துட்டுப் பெரியப்பா சொன்னது, "நாலு வருஷம் காலேஜுக்கு அனுப்பி அடுப்புக்கரி சுடவா கத்துக்குடுக்குறாங்க?"

பெரியப்பா நிலைமையும் எனக்குத் தெரியும். பழுக்குற நேரத்துல ஒரு மழை புடிச்சா திராட்சை வெடிச்சுரும், வெல போயிரும், கடன் மட்டும் நிக்கும். அரசுக் கல்லூரின்னா ஃபீஸ் பெருசா இருக்காது. சென்னையில தங்குற செலவும் காகிதச் செலவுந்தான் ஆளை அடிக்குது. நல்ல காகிதம் ஒரு முழு ஷீட்டு சில நூறு ரூபா. நாலாவது வருஷம் அனுப்புறதா வேணாமான்னு இப்போ வீட்டுல பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. இந்தப் பதிவுக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, போட்டோ முகத்துலேருந்து இந்தக் கைகளுக்கு அவ எப்படி வந்தா? யாரும் புடிச்சுத் தள்ளல. பாத்தா. அவ்வளவுதான். எழும்பூர் மியூசியத்துல செப்புத் திருமேனிகளைச் சுத்திச் சுத்தி வந்து முதுகுப்பக்கத்தை மட்டும் ஒரு நோட்டு முழுக்க வரைஞ்சிருக்கா. சோழமண்டலத்துக்குப் போயிருக்கா. லீவுல உத்தமபாளையம் கருப்பணசாமி பாறைக்குப் போனா. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாச் செதுக்கின பாறைங்க அது. நம்ம ஊருக்குள்ளயே இருக்கு. நம்மள்ல எத்தனை பேர் பஸ்ஸை விட்டு எறங்கிப் பாத்திருப்போம்?

அதுக்கப்புறம் கொச்சி.

கொச்சி-முசிறிஸ் பினாலே 2012 டிசம்பர் 12ல ஆரம்பிச்சது. ஃபோர்ட் கொச்சியில பழைய ஆஸ்பின்வால் கட்டடத்துலயும் சுத்தியிருக்குற கிட்டங்கிகள்லயும் உலகம் பூராவும் இருந்து ஓவியம், சிற்பம், வீடியோன்னு மாசக்கணக்கா நடக்கும். 2014லேருந்து மாணவர்களுக்குன்னே தனியா ஸ்டூடன்ட்ஸ் பினாலேன்னு ஒண்ணும் சேந்து நடக்குது. நாட்டுல இருக்குற ஓவியக் கல்லூரிப் புள்ளைங்க செஞ்சது அங்க நிக்கும்.

இப்போ கணக்குப் போடுங்க. தேனியிலேருந்து சென்னை 500 கிலோமீட்டர் பக்கம். மதுரை-போடி மீட்டர்கேஜ் ரயிலை 2010 கடைசியில நிறுத்தினாங்க. தேனிக்குத் திரும்ப ரயில் வந்தது 2022ல. சென்னை ரயில் போடி வரைக்கும் வந்தது 2023 ஜூன்ல. பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா கம்பத்துலேருந்து குமுளி ஏறினா கொச்சி 180 கிலோமீட்டருக்குள்ள. கம்பம்மெட்டு வழியாவும் குமுளி வழியாவும் போடிமெட்டு வழியாவும் தினம் விடியுறதுக்குள்ள எத்தனை ஜீப் ஏலத்தோட்டத்துக்கு ஏறுது! நம்ம அம்மாக்கள் கேரளாவுக்கு வேலைக்குப் போக வண்டி இருக்கு. நம்ம புள்ளைங்க கேரளாவுக்குப் படம் பாக்கப் போக ஒரு வண்டி ஏற்பாடு பண்ண ஆளில்ல.

"எல்லாம் இன்டர்நெட்லயே பாத்துக்கலாமே?" அப்படின்னு ஒரு கேள்வி வரும். அதுவும் நம்ம ஐ.டி. மக்கள்கிட்டேருந்துதான் வரும். பிக்காஸோவோட கெர்னிகா மூணரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் அகலம். மொபைல்ல அது ரெண்டு விரல் கனம். எறும்பு மேல யானை ஏறின மாதிரி எல்லாப் படமும் அங்க ஒரே அளவு. கோடு எங்க அழுத்தியிருக்கு, எங்க தயங்கியிருக்கு, வண்ணம் எவ்வளவு கனமா ஒட்டியிருக்குன்னு கண்ணாடி காட்டாது. மொபைல்ல கல்யாண விருந்தைப் பாத்தா பசி அடங்குமா? அப்புறம் எதுக்கு ஊருக்கு முன்னாடி பந்திக்கு ஓடுறோம்?

பாக்குறது ஒரு பக்கம்னா, காட்டுறது இன்னொரு பக்கம். போன லீவுல அவ வரைஞ்ச கைகளை ஊர்ல மாட்டிக் காட்டலாம்னு எடம் தேடினோம். ஒரு மண்டபத்துல கேட்டா முகூர்த்த நாள் வாடகை சொன்னாங்க. இன்னொரு எடத்துல "என்ன விசேஷம்? யாரு தலைமை?"ன்னு கேட்டாங்க. படம்னு சொன்னதும் புரொஜெக்டர் கொண்டு வருவீங்களான்னு கேட்டாங்க. கடைசியில ஒரு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரம் ரெண்டு நாளைக்குக் கெடைச்சுது. கயிறு கட்டி, துணிக்கு மாட்டுற கிளிப்பை மாட்டித் தொங்கவிட்டோம்.

போடியில ஏலக்கா பொறுக்குற அக்கா ஒருத்தவங்க வந்தாங்க. ரொம்ப நேரம் நின்னாங்க. அப்புறம் சொன்னாங்க, "ஏ தாயி, கை நல்லாத்தான் இருக்கு. ஆனா காயை இப்படிக் குமிச்சு வெச்சுக்கிட்டு எப்படிப் பொறுக்குவாக? பரப்பினாத்தானே வெடிச்ச காயி கண்ணுக்குத் தெரியும்? இந்த வெரலு தள்ளிவிடும், இந்த ரெண்டு வெரலு எடுக்கும்."

ஒரு நிமிஷம் பேச்சே இல்ல. அப்புறம் அந்தக்கா அங்கேயே தரையில உக்காந்து, கையில காயே இல்லாம, பொறுக்குற மாதிரி செஞ்சு காட்டினாங்க. இவ எதிர்ல உக்காந்து வரைஞ்சா. மறுபடி எடுத்த அந்தப் படந்தான் இதுவரைக்கும் அவ வரைஞ்சதுலயே உசத்தின்னு நான் சொல்லுவேன். எந்த ஆன்லைன் கிளாஸ்ல இந்தப் பாடம் கெடைக்கும்? ஒரு செவுத்துல மாட்டி வெச்சதால, அதைப் பாக்கவேண்டிய ஆள் வந்து பாத்ததால கெடைச்சுது. "எங்க சனத்துக்கு ஆர்ட்டெல்லாம் புரியாது"ன்னு சொல்ற அறிவுஜீவிகள் அந்தத் தாழ்வாரத்துக்கு வந்திருக்கணும்.

அன்னிக்கு வந்த பள்ளிக்கூடப் புள்ளைங்க ஏழெட்டு பேர், "அக்கா, நாங்க எங்க போய்க் கத்துக்கிறது?"ன்னு கேட்டாங்க. அவகிட்டயும் பதில் இல்ல, என்கிட்டயும் பதில் இல்ல. முன்னயாவது ஊருக்கு ரெண்டு போர்டு எழுதுற கடை இருந்துச்சு. நல்லா வரையற பையன் அங்க போய் பிரஷ் கழுவி, எழுத்துப் பழகி, பேனர் வரைவான். ஃப்ளெக்ஸ் வந்துச்சு, அந்தக் கடையும் போச்சு. பள்ளிக்கூடத்துல ஓவிய வாத்தியார் நிலைமை அதைவிட மோசம். ஆறாம் வகுப்பிலேருந்து எட்டு வரைக்கும், நூறு புள்ளைக்கு மேல இருந்தா ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர் இருக்கணும்னு 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. 2012ல தமிழ்நாட்டுல ஓவியம், உடற்கல்வி, தையல், கம்ப்யூட்டர்னு எல்லாத்துக்கும் சேத்து 16,549 பேரைப் பகுதிநேரமா எடுத்தாங்க. வாரத்துக்கு மூணு அரைநாள். மாசம் 5,000 ரூபா. பிற்பாடு அப்பப்போ கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாங்க. பணிநிரந்தரம் கேட்டு அவங்க ரோட்டுல உக்காந்த செய்தியை எத்தனை தடவை படிச்சிருப்போம்! லோயர், ஹையர்னு ஓவியப் பரீட்சை எல்லாம் எழுதிட்டு வந்த மனுஷனுக்கு அரைநாள் வேலை குடுத்துட்டு, நாட்டுல கலை வளரலேன்னு கவலைப்படுறோம்.

"சரிப்பா, கடைசியில சோறு?"

சொல்றேன். ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியிலயும் டி.சுப்புலாபுரத்துலயும் சேலை நெய்யுறாங்க. சேலைக்கு டிசைன் யாரு போடுறது? மத்திய அரசோட நெசவாளர் சேவை மையங்கள் 1950கள்லயே ஓவியர்களை வேலைக்கு எடுத்துச்சு, துணிக்கு வடிவம் போட. ஆதிமூலம் அங்க வேலை பாத்தவரு. மதுரைக்காரரு டிராட்ஸ்கி மருதுவும் அங்க இருந்துட்டுத்தான் சினிமாவுக்கும் அனிமேஷனுக்கும் போனாரு. நம்ம மாவட்டத்துத் தறிக்கு நம்ம மாவட்டத்துப் புள்ள வடிவம் போட்டா தறிக்கும் சோறு, புள்ளைக்கும் சோறு. ஆனா ஒண்ணு. சோறு போட்டாத்தான் ஓவியம் படிக்கலாம்னு நான் ஒத்துக்கிட்டதா எடுத்துக்காதீங்க. எஞ்சினியரிங் முடிச்சிட்டு வேலை கெடைக்காம வீட்டுல இருக்குறவங்களைப் பாத்து "எஞ்சினியரிங் சோறு போடுமா"ன்னு கேக்காத ஊரு, ஓவியத்தை மட்டும் கேக்க உரிமை இல்ல.

வெறுமனே பொலம்பிட்டுப் போக விருப்பமில்ல. கேக்குறது மூணே மூணு.

ஒண்ணு. தேனியில ஒரு ஹால். நாலு செவுரு, நல்ல வெளிச்சம், ஆணி அடிக்க அனுமதி. நூலகத்தோட ஒட்டி இருந்தாலும் சரி. தலைமை, முன்னிலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். பூட்டாம இருந்தாப் போதும்.

ரெண்டு. பள்ளிக்கூடத்துல முழுநேர ஓவிய ஆசிரியர். ஓவிய பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கக்கூடாது.

மூணு. பினாலே நடக்குற வருஷத்துல கம்பத்துலேருந்து கொச்சிக்கு ஒரு பஸ். வெள்ளனக் கெளம்பினா ராத்திரிக்குத் திரும்பிரலாம். அம்பது புள்ளைங்க. இதுக்கு அரசாங்கம்கூட வேண்டாம். சென்னையிலயும் பெங்களூருலயும் அமெரிக்காவுலயும் இருக்குற நம்ம பள்ளத்தாக்கு மக்கள் நாலு பேர் ஒரு நாள் பார்ட்டிக்குச் செய்யுற செலவு. கோயில் ட்யூப்லைட்ல வெளிச்சத்தையே மறைச்சு 'உபயம்'னு பேர் எழுதுறோமே, பஸ்ஸுக்கு முன்னாடியும் எழுதிக்கங்க. நான் ஒரு சீட்டுக்கு இல்ல, அஞ்சு சீட்டுக்குத் தர்றேன்.

இந்த மூணும் நடந்தாலும் அம்பது புள்ளையில நாப்பத்தெட்டு பேர் ஓவியராக மாட்டாங்க. ஆக வேண்டாம். வேற வேலைக்குப் போகட்டும், கல்யாணம் பண்ணிக்கட்டும், சித்தப்பா ஆகட்டும். ஆனா அந்த நாப்பத்தெட்டு சித்தப்பாவும், வீட்டுல ஒரு புள்ள அஞ்சடிக் காகிதத்துல கையை வரைஞ்சா, "மூஞ்சி எங்க?"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னு பாப்பாங்க. எனக்கு அதுபோதும்.

பின்குறிப்பு: நாலாவது வருஷச் செலவு பத்திப் பெரியப்பாகிட்ட இந்த ஞாயித்துக்கிழமை பேசுறேன். கவாத்துக் குச்சியை யாரும் எரிச்சிராதீங்க, எடுத்து வைங்க. ஒரு மூட்டை வேணுமாம்.